ஆம்ப் அடிக்கடி நின்றுவிடுகிறது, நல்லதாக ஒன்று சொல்லுங்கள் - அவசரம்

மாடவீதி:
வணக்கம். வீட்டு ஸ்பீக்கருக்கு நல்ல ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்) வேண்டும். இப்போது இருப்பது கொஞ்சம் சத்தமாக வைத்தாலே 'டிக்' என்று நின்றுவிடுகிறது, அணைத்துவிட்டுப் போட்டால் பாடும், அப்புறம் மறுபடி நிற்கும். சர்வீஸ் சென்டரில் காட்டினால் போர்டு போய்விட்டது, புதிது வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார்கள். நாள்பட உழைக்கிற, கேட்கவும் நன்றாக இருக்கிற ஆம்ப் எது? எத்தனை வாட் எடுக்கலாம்? ஞாயிற்றுக்கிழமை சென்னை வருகிறேன், அன்றைக்கே வாங்கிவிட வேண்டும். சீக்கிரம் சொல்லவும்.

வானதி:
என்ன ஸ்பீக்கர்? அறை எவ்வளவு பெரியது? பட்ஜெட்? பாட்டு எதிலிருந்து வருகிறது, போனா, சிடியா, டிவியா? இது எதுவுமே சொல்லாமல் எத்தனை வாட் என்று கேட்டால் எப்படி?

ரிச்சிக்காரன்:
சென்னை வருகிறீர்கள் என்றால் நேராக எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் போங்கள். 5200 - 1943 ட்ரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு, நல்ல டொராய்டு (வளைய வடிவ) ட்ரான்ஸ்ஃபார்மர், சூட்டை வெளியேற்றப் பெரிய ஹீட் சிங்க், கேபினெட் எல்லாம் வாங்கி அசெம்பிள் பண்ணச் சொன்னால் பிராண்டுக்குக் கொடுக்கும் காசில் பாதிகூட ஆகாது. போனால் எந்த ஊர் மெக்கானிக்கும் கழற்றிப் பார்த்துச் சரிசெய்வார். கம்பெனிக்காரன் ஆம்ப் போனால் இப்படித்தான், போர்டு போச்சு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவான்.

அளவுகோல்:
மாதம் தவறாமல் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், ஒருவரும் பழைய இழைகளைத் தேடிப் படிப்பதில்லை. 'நல்ல ஆம்ப் எது' என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பவருக்கு எந்த ஆம்ப் கொடுத்தாலும் ஒன்றுதான். ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி (ஒரு வாட்டுக்கு எவ்வளவு சத்தம்), இம்பீடன்ஸ் (எத்தனை ஓம் மின்தடை), உட்காரும் தூரம், இந்த மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள், பேசலாம். அதுவரை இங்கே நடப்பது ஜோசியம்.

கம்பிவடம்:
ஒயர் என்ன போட்டிருக்கிறீர்கள்? நான் பார்த்த வரையில் இப்படி 'டிக்' என்று நிற்பதில் பாதி ஒயரில்தான் வருகிறது. டெர்மினலில் மாட்டும்போது ஒரு இழை வெளியே நீட்டிக்கொண்டு பக்கத்து டெர்மினலைத் தொட்டால் போதும், சத்தம் ஏறும்போது புரொடெக்‌ஷன் ரிலே (ஆபத்து வந்தால் ஸ்பீக்கரைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட் செய்துவிடும். கழற்றி, முனையைச் சீவி, நன்றாக முறுக்கி மறுபடி மாட்டுங்கள். மெல்லிசான ஒயர் என்றால் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயருக்கு மாறிவிடுங்கள், எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கிறதே போதும். ஆயிரக்கணக்கில் கொடுத்துப் பாம்பு மாதிரி கேபிள் வாங்க வேண்டாம்.

மாடவீதி:
எல்லாருக்கும் நன்றி. ஸ்பீக்கர் கேஇஎஃப் க்யூ350. ஹால் 14க்கு 18 அடி. பட்ஜெட் 50 ஆயிரத்துக்குள். போனில் ப்ளூடூத், டிவியும் வேண்டும். மதுரை. பழைய ஆம்ப் ஒரு ஜப்பான் கம்பெனி, 60 வாட் என்று போட்டிருக்கிறது, செகண்ட் ஹேண்டாக வாங்கியது. ஒயர் சரியாகத்தான் இருக்கிறது. இப்போதாவது மாடல் சொல்லுங்கள்.

வானதி:
இப்போது பேசலாம். க்யூ350-க்கு 87 டெசிபல் என்று போட்டிருப்பார்கள். அதாவது 2.83 வோல்ட், 8 ஓம் கணக்கில் ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 87. நீங்கள் சோபாவில் மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்த வெளிக் கணக்கில் ஒன்பதரை டெசிபல் குறையும், ஆனால் சுவர்களும் இரண்டாவது ஸ்பீக்கரும் கொஞ்சம் திருப்பிக் கொடுக்கும், ஆக ஒரு வாட்டில் 80-ஐ ஒட்டி வரும். வீட்டில் பேசிக்கொண்டே கேட்கிற அளவு அதற்கும் கீழே. பத்து வாட்டில் 90, அது அம்மா வந்து குறைக்கச் சொல்கிற அளவு. மிருதங்கம், தவில் திடீரென்று ஏறுகிற இடத்துக்கு 10, 15 டெசிபல் கையிருப்பு வேண்டும், அதற்கு முப்பது நாற்பது வாட் உண்மையாகவே இருந்தால் தாராளம்.

கடைகளில் இருக்கிற 45 வாட் ஆம்புக்கும் 85 வாட் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் 2.8 டெசிபல்கூட இல்லை. வாட் இரட்டிப்பானால் 3 டெசிபல், அவ்வளவுதான், அதற்காகப் பட்ஜெட்டை ஏற்றாதீர்கள். காதுக்கு 'இரண்டு மடங்கு சத்தம்' என்று தோன்ற 10 டெசிபல் வேண்டும், அது பத்து மடங்கு வாட்.

சில்லுப்பையன்:
இந்தக் காலத்தில் பத்து கிலோ ஆம்ப் எதற்கு? டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3255 சிப் போட்ட கையடக்க கிளாஸ் டி (ட்ரான்சிஸ்டரை வேகமாக ஆன்-ஆஃப் செய்து ஓடுகிற வகை) ஆம்ப் ஒன்று வாங்குங்கள், பட்ஜெட்டில் மிச்சமும் வரும். அதிகம் சூடாகாது. 300 வாட்.

அளவுகோல்:
300 வாட் எந்த ஓமில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் (ஒலிச் சிதைவில்)? அட்டைப் பெட்டியில் இருப்பது 4 ஓமில் 10 சதவீதக் கணக்கு. அதோடு கூட வருவது 32 வோல்ட் அடாப்டர் என்றால் 8 ஓமில் சிதைவு இல்லாமல் கணிதப்படி 64 வாட்டைத் தாண்டவே முடியாது. 32-ஐ 32-ஆல் பெருக்கி 16-ஆல் வகுத்துப் பாருங்கள், பத்தாம் வகுப்புப் பாடம். முன்பு பிஎம்பிஓ (கணநேர உச்ச வாட்) என்று டேப் ரெக்கார்டரில் ஆயிரக்கணக்கில் வாட் ஒட்டினார்கள், இப்போது அட்டைப் பெட்டியில்.

சில்லுப்பையன்:
64 வாட் வந்தாலும் வானதி கேட்ட நாற்பதுக்கு மேலேதானே? 48 வோல்ட் அடாப்டர் போட்டால் இன்னும் ஏறும். நீங்கள் கணக்குப் போட்டதே எனக்குச் சாதகமாகத்தான் இருக்கிறது.

மீட்டர்மணி:
சிறியது கெட்டதில்லை, ஆனால் பார்த்து வாங்க வேண்டும். மலிவான கிளாஸ் டி போர்டுகளில் கடைசியில் இருக்கிற சுருள் - கெபாசிட்டர் ஃபில்டர், வெளியீட்டைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஃபீட்பேக்குக்கு வெளியே இருக்கும், அதனால் ஸ்பீக்கரின் இம்பீடன்ஸுக்குத் தகுந்தபடி மேல் ஸ்தாயி தூக்கலாகவோ அடங்கியோ போகும். ஒரு ஸ்பீக்கரில் பளிச்சென்று கேட்டது இன்னொன்றில் மந்தமாகக் கேட்கும். ஃபில்டருக்கு அப்புறம் ஃபீட்பேக் எடுக்கிற மாடல்களில் இந்தத் தொல்லை இல்லை. நம் ஊர்க் கரண்டில் முதலில் போவது அந்த அடாப்டர்தான், நல்லவேளை அதை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். சிப்பே போனால் முழுதாகத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மாடவீதி, உங்கள் ஆம்ப் ஏன் நிற்கிறது என்று கம்பிவடத்தைத் தவிர இன்னும் ஒருவரும் கேட்கவில்லை. எங்கே வைத்திருக்கிறீர்கள்? ஒரு போட்டோ போடுங்கள். கரண்ட் இருக்கும்போதும் நிற்கிறதா, இன்வெர்ட்டரில் ஓடும்போது மட்டுமா? ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் என்றால் ட்ரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். பின்னால் ஏ, பி என்று இரண்டு ஜோடி டெர்மினல் இருக்குமே, பி-யில் ஏதாவது மாட்டியிருக்கிறதா?

ரிச்சிக்காரன்:
கம்பெனி ஆம்ப் ஆளுக்கொரு மாடல் சொல்வீர்கள், ஆனால் உள்ளே இருக்கிற ட்ரான்ஸ்ஃபார்மரைத் தூக்கிப் பார்த்திருக்கிறீர்களா? நான் சொல்கிற ஆம்பில் அது மட்டுமே நாலு கிலோ.

மீட்டர்மணி:
ரிச்சி, உங்கள் ஆம்பில் எனக்குச் சண்டை இல்லை, அந்த ட்ரான்சிஸ்டர் அசல் தோஷிபாதானா என்பதுதான் கேள்வி. 5200, 1943 இரண்டிலும் போலி கொட்டிக் கிடக்கிறது. ஆம்ப் ஐசியான எஸ்டிகேயும் அதே கதை, சான்யோ பெயர் அச்சடித்திருக்கும், உள்ளே வேறு ஏதோ இருக்கும். ஸ்பீக்கர் புரொடெக்‌ஷன் இல்லாத போர்டில் போலி ட்ரான்சிஸ்டர் ஷார்ட் ஆனால் முழு டிசி மின்சாரமும் நேராக ஊஃபருக்குப் (தாழ்ந்த ஒலி ஸ்பீக்கருக்குப்) போகும். க்யூ350 வாங்கியவரை அப்படி ஒரு சோதனைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது. தானே அசெம்பிள் செய்யத் தெரிந்தவருக்கு எல்எம்3886 ஐசி போதும், உள்ளேயே புரொடெக்‌ஷன் இருக்கிறது, நிதானமான ஒலி.

இசைக்கிறுக்கன்:
எல்லாரும் வாட், வோல்ட் என்றே பேசுகிறீர்கள், ஒலியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வால்வு (கண்ணாடிக் குழல்) ஆம்பில் ஒருமுறை வீணையைக் கேட்டவர்கள் திரும்பி வர மாட்டார்கள். அந்தக் கதகதப்பு ட்ரான்சிஸ்டரில் வராது, கிளாஸ் டி-யில் வரவே வராது. குறைந்தபட்சம் பழைய நாட் (NAD) கம்பெனி 3020 ஆம்ப் ஒன்று கிடைத்தால் விடாதீர்கள். 1978-ல் வந்தது, வெறும் 20 வாட், ஆனால் பெரிய ஆம்புகளை வெட்கப்பட வைக்கும்.

அளவுகோல்:
கதகதப்பு என்பது அளக்கக்கூடிய ஒன்று, பக்தி இல்லை. 1985-ல் பாப் கார்வர் என்ற அமெரிக்கர், விலையுயர்ந்த வால்வு ஆம்ப் ஒன்றின் ஒலியைத் தன்னுடைய ட்ரான்சிஸ்டர் ஆம்பிலேயே கொண்டுவருகிறேன் என்று ஸ்டீரியோஃபைல் பத்திரிகையிடம் சவால் விட்டார். இரண்டின் வெளியீட்டையும் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, மிச்சம் ஏறக்குறைய ஒன்றுமில்லை என்கிற வரை திருத்தினார். பத்திரிகைக்காரர்களால் வித்தியாசம் சொல்ல முடியவில்லை.

இசைக்கிறுக்கன்:
அப்படியென்றால் அவர் திருத்துவதற்கு முன்னால் வித்தியாசம் இருந்தது என்றுதானே அர்த்தம்? திருத்த எதுவும் இல்லாவிட்டால் எதற்குத் திருத்தினார்?

அளவுகோல்:
இருந்தது, வால்வு ஆம்பின் அவுட்புட் இம்பீடன்ஸ் அதிகம் என்பதால். ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ் ஏறுகிற இடத்தில் ஒலி ஏறும், இறங்குகிற இடத்தில் இறங்கும். அது ஒரு ஈக்வலைசர் (ஸ்தாயிகளை ஏற்றி இறக்குவது), அதுவும் திருப்ப முடியாத ஈக்வலைசர். ஈக்வலைசர் வேண்டுமென்றால் டோன் குமிழைத் திருப்புங்கள், காசு மிச்சம்.

இசைக்கிறுக்கன்:
டோன் குமிழைத் திருப்பி வீணை கேட்கிறவரிடம் நான் என்ன பேச.

கம்பிவடம்:
இரண்டு பேரும் வேறு இழை தொடங்கிச் சண்டை போடுங்களேன், அவர் ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போகிறார்.

மாடவீதி:
போட்டோ அப்புறம் போடுகிறேன். டிவி ஷோகேஸ் உள்ளே இருக்கிறது, மேலே செட்டாப் பாக்ஸ், தூசி படாமல் இருக்கத் துணி போட்டிருக்கிறோம். இன்வெர்ட்டர் லைனில்தான் இருக்கிறது, ஆனால் கரண்ட் இருக்கும்போதும் நிற்கிறது. பி-யில் சமையல்கட்டில் பழைய ஹோம் தியேட்டர் பெட்டி இரண்டு மாட்டியிருக்கிறோம், 4 ஓம் என்று எழுதியிருக்கிறது, காலையில் அம்மா சுப்ரபாதம் கேட்பார்கள். அதற்கும் இதற்கும் என்ன?

மீட்டர்மணி:
அதற்கும் இதற்கும்தான் எல்லாமே.

க்யூ350-இல் 8 ஓம் என்று போட்டிருந்தாலும் சில அதிர்வெண்ணில் 3.7 ஓம் வரை இறங்கும், கேஇஎஃப் தாங்களே சொல்லியிருக்கிறார்கள். அதோடு 4 ஓம் பெட்டியைப் பேரலலாக மாட்டினால் ஆம்புக்குத் தெரிவது 2 ஓமுக்கும் கீழே. ஆம்ப் பின்புறம் டெர்மினலுக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் பாருங்கள், ஏ அல்லது பி என்றால் குறைந்தது 4 ஓம், ஏ, பி இரண்டும் சேர்ந்தால் ஒவ்வொன்றும் குறைந்தது 8 ஓம் என்கிற மாதிரி இருக்கும். சத்தம் ஏற ஏறக் கரண்ட் அதிகமாக இழுக்கிறது, அதன்மேல் துணி, ஷோகேஸ், மதுரை வெயில், ரிலே கட் ஆகாமல் என்ன செய்யும்? அது ஆம்பைக் காப்பாற்றுகிறது. உள்ளே கெபாசிட்டருக்கு ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் ஆயுள் பாதியாகும், எனவே துணியை முதலில் எடுங்கள், மேலே ஒரு சாண் இடமாவது விடுங்கள்.

பி-யைக் கழற்றிவிட்டு ஏ-யில் மட்டும் கேட்டுப் பாருங்கள். அப்புறம் ஸ்பீக்கர் இரண்டையும் கழற்றி, பாட்டு இல்லாமல், மல்டிமீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து டெர்மினலில் அளந்து சொல்லுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் போர்டு போகவில்லை என்றே எண்ணுகிறேன். மல்டிமீட்டர் இல்லையென்றால் பக்கத்து எலெக்ட்ரீஷியனிடம் இருக்கும். திறந்து பார்க்கும்போது பல்லி கிடக்கிறதா என்றும் பாருங்கள், சிரிக்காதீர்கள், நான் எடுத்துப் போட்டிருக்கிறேன்.

வானதி:
பழையது பிழைக்காவிட்டால் மட்டும் இது: யமஹா ஏ-எஸ்501 (8 ஓமில் 85 வாட்), மராண்ட்ஸ் பிஎம்6007 (45 வாட், 4 ஓமில் 60), டெனான் பிஎம்ஏ-600என்இ (45, 4 ஓமில் 70). மூன்றிலும் டிவிக்கு ஆப்டிகல் (ஒளி கேபிள்) இணைப்பு இருக்கிறது. ப்ளூடூத் உள்ளேயே வேண்டுமென்றால் டெனான், மற்ற இரண்டுக்கும் சின்ன ரிசீவர் தனியாக மாட்டிக்கொள்ளலாம். ராத்திரி சத்தம் குறைத்துக் கேட்பவர் என்றால் யமஹாவின் லவுட்னஸ் குமிழ் எனக்குப் பிடிக்கும், ஆன்-ஆஃப் பொத்தானாக இல்லாமல் படிப்படியாகத் திருப்பலாம். க்யூ350 இறங்குகிற ஓமுக்கு மூன்றுமே தாங்கும். கடையில் உங்கள் பாட்டையே போட்டுக் கேளுங்கள், அவர்கள் போடுகிற டெமோ பாட்டில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும்.

எதை வாங்கினாலும் சமையல்கட்டுப் பெட்டியை அதில் மாட்டாதீர்கள். அம்மாவுக்குத் தனியாக ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதும்.

சில்லுப்பையன்:
அல்லது அந்தப் பெட்டிக்கு ஒரு குட்டி கிளாஸ் டி. சும்மா சொன்னேன்.

வானதி:
அதற்கு அது சரியான யோசனைதான்.

மாடவீதி:
பி-யைக் கழற்றினேன், துணியும் எடுத்தாச்சு. இப்போது நிற்கவில்லை. மீட்டர் இல்லை, அளக்கவில்லை. சென்னையில் யமஹா 501 எடுத்துவிட்டேன், நன்றாக இருக்கிறது. எல்லாருக்கும் நன்றி.

மீட்டர்மணி:
நிற்கவில்லை என்றால் எதற்கு வாங்கினீர்கள்?

கம்பிவடம்:
புதியதில் பி-யில் ஏதாவது மாட்டியிருக்கிறீர்களா?

இசைக்கிறுக்கன்:
கார்வர் விஷயத்துக்கு இன்னும் பதில் வரவில்லை, அளவுகோல்.

ரிச்சிக்காரன்:
மாடவீதி, பழைய ஆம்பை விற்கிற எண்ணம் இருந்தால் தனிமடல் போடுங்கள். மதுரைக்கு ஆள் வரும், வந்து எடுத்துக்கொள்கிறேன்.