மறு: பில்ட்டைக் கெடுக்கும் பின்னணி நிரலுக்கு ஒரு சொல்

எல்லோருக்கும் வணக்கம்.

மூலநிரலிலிருந்து ஓடக்கூடிய நிரலை உருவாக்கும் வேலையை, அதாவது பில்ட்டை, பின்னணியில் ஓடும் வேறொரு நிரல் கெடுத்தால் அதைத் தமிழில் என்னவென்று சொல்வது? மென்பொருளைத் தமிழாக்கும் நம் குழுவில் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, சொல்தான் வந்தபாடில்லை. இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். நேற்று வந்த மடலில் இந்த வரியைப் பார்த்தபிறகு சும்மா இருக்க முடியவில்லை:

> சிக்வின் ஆவணத்தில் வரும் 'ப்ளோடா'வை 'ஒட்டுண்ணி நிரல் பட்டியல்' என்று போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்போமே.

இழையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு: சிக்வின் என்பது லினக்ஸ் பாணி நிரல்களை விண்டோஸில் ஓட்ட உதவும் மென்பொருள். ப்ளோடா என்பது 'பிக் லிஸ்ட் ஆஃப் டாட்ஜி ஆப்ஸ்' என்பதன் சுருக்கம், அதாவது சந்தேகத்துக்குரிய நிரல்களின் பெரிய பட்டியல். சிக்வின் இருக்கும் கணினியில் காரணமே தெரியாமல் பில்ட் உடைந்தால், முதலில் இந்தப் பட்டியலைப் பாருங்கள் என்பார்கள். வைரஸ் எதிர்ப்பு, ஃபயர்வால், வெப்கேமோடு வந்து சேரும் துணை நிரல் என்று பல வகை அதில் உண்டு. கவனியுங்கள், இவற்றில் ஒன்றுகூட வைரஸ் இல்லை. காசு கொடுத்தோ, கணினியோடு சேர்ந்தோ, முறையாக உள்ளே வந்தவை. ஒட்டுண்ணி என்றால் படிப்பவர் தீநிரல் என்றே நினைத்துக்கொள்வார். அப்புறம் அதைத் தேட வைரஸ் எதிர்ப்பையே ஓடவிடுவார். திருடனைப் பிடிக்கத் திருடனையே அனுப்பிய கதை.

சொல்லுக்குப் போகும் முன், அந்தப் பொருள் என்ன என்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்த்துவிடலாம். இழையில் பாதிச் சண்டை, ஆளுக்கொரு பொருளை மனதில் வைத்துக்கொண்டு பேசுவதால் வருவது.

சில வருடங்களுக்கு முன் ஒரு அலுவலகத்தில் விண்டோஸ் மடிக்கணினியில் சிக்வின் வைத்து ஒரு நிரல் நூலகத்தை (லைப்ரரி) பில்ட் செய்துகொண்டிருந்தேன். பில்ட்டுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று சோதிக்கும் 'கன்ஃபிகர்' ஓட ஆரம்பித்தால் திரையில் 'செக்கிங் ஃபார்... எஸ்', 'செக்கிங் ஃபார்... நோ' என்று வரிசையாக ஓடும் இல்லையா, அது ஒருமுறை நாற்பதாவது வரியில் நின்றது. மறுபடி ஓட்டினால் நூற்றுப் பத்தாவது வரியில். மூன்றாம் முறை கன்ஃபிகர் முழுக்க ஓடி முடிந்து, அடுத்து பில்ட்டைச் செய்யும் 'மேக்' பாதியில் நின்றது. ஒரே மூலநிரல், ஒரே கட்டளை, ஒவ்வொரு முறையும் வேறு இடம். நிரலில் பிழை இருந்தால் ஒரே இடத்தில்தானே விழ வேண்டும்? இரண்டு நாள், மேக்குக்கு என்ன செய்வதென்று சொல்லும் மேக்ஃபைலைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம், அதன் மேல் ஒரு குற்றமும் இல்லை.

கடைசியில், எந்த நிரல் எந்தக் கோப்பைத் தொடுகிறது என்று காட்டும் 'பிராசஸ் மானிட்டர்' காட்டிக்கொடுத்தது. கன்ஃபிகர் ஒவ்வொரு சோதனைக்கும் 'கான்ஃப்டெஸ்ட்' என்று ஒரு குட்டி நிரலை உண்டாக்கி, ஓட்டிப் பார்த்து, உடனே அழிக்கும். அந்தக் கோப்பு பிறந்த கையோடு, கணினியில் இருந்த பாதுகாப்பு மென்பொருள் அதைத் திறந்து மோந்து பார்க்கிறது. சரியாக அந்த நேரத்தில் கன்ஃபிகர் அழிக்கப் போகிறது. விண்டோஸில் ஒரு கோப்பைத் திறப்பவர், 'நான் வைத்திருக்கும்போதே மற்றவர் அழிக்கலாம்' என்று சொல்லித் திறந்திருக்க வேண்டும். சொல்லாவிட்டால் அழிக்க வருபவருக்குக் கிடைப்பது 'ஷேரிங் வயலேஷன்', பிழை எண் 32. லினக்ஸில் இந்தத் தொல்லை இல்லை. யார் திறந்து வைத்திருந்தாலும் கோப்பின் பெயரை நீக்கிவிடலாம், வைத்திருப்பவர் விட்டதும் இடம் காலியாகும். மோந்து பார்க்க எடுக்கும் நேரம் ஆளுக்கு ஆள், கோப்புக்குக் கோப்பு மாறும். அதனால்தான் நாற்பதாம் வரி, நூற்றுப் பத்தாம் வரி என்று இடம் மாறி மாறி விழுந்தது.

இது ஒரு வகை. இன்னொரு வகை இதைவிட வேடிக்கையானது. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் (செயல்முறை) தன்னைப் போலவே இன்னொன்றைக் கேட்பது 'ஃபோர்க்'. லினக்ஸில் அதைக் கேட்டால் இயங்குதளத்தின் மையமான கெர்னலே ஒரு பிள்ளைச் செயல்முறையைப் பிரித்துக் கொடுத்துவிடும். விண்டோஸில் சாதாரண நிரல்களுக்கு அந்த வசதி இல்லாததால் சிக்வின் அதைப் பாவனை செய்கிறது: புதிதாக ஒரு செயல்முறையைக் கிளப்பி, பெற்றோரின் நினைவகத்தை அதில் நகலெடுக்கிறது. இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. பெற்றோரிடம் ஒரு டிஎல்எல் (நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நூலகக் கோப்பு) நினைவகத்தில் எந்த முகவரியில் உட்கார்ந்திருந்ததோ, பிள்ளையிலும் அதே முகவரியில் உட்கார வேண்டும். ஆனால் பாதுகாப்பு மென்பொருள் சில, புதிதாகக் கிளம்பும் ஒவ்வொரு செயல்முறையிலும் தன் டிஎல்எல் ஒன்றைத் திணிக்கும். பேருந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு சீட் பிடிப்பார்களே, அதேதான். நம்ம டிஎல்எல் உள்ளே ஏறினால் அதன் இடத்தில் துண்டு கிடக்கிறது. ஃபோர்க் தோற்கிறது. கன்ஃபிகரோ ஆயிரக்கணக்கில் ஃபோர்க் செய்கிற ஆசாமி. சிக்வின் நிரல்களை எல்லாம் மூடிவிட்டு 'ரீபேஸ்ஆல்' என்ற அதன் கருவியை ஓட்டினால் சிக்வின் டிஎல்எல்கள் ஒன்றோடொன்று முட்டாதபடி இடம் ஒதுக்கிக் கொடுக்கும். ஆனால் வெளியிலிருந்து வரும் துண்டுக்கு அது பொறுப்பேற்காது. அந்த மென்பொருளின் ஐகானில் 'டிசேபிள்' அழுத்தினாலும் போதாது, டிஎல்எல்லும் டிரைவரும் அப்படியே இருக்கலாம். பல நேரம் முழுசாக நீக்கினால்தான் விடிவு.

சரி, இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

> குறுக்கீடு / குறுக்கீட்டு நிரல்

பொருள் சரி. ஆனால் செயலியை இடைமறிக்கும் சமிக்ஞையான 'இன்டரப்ட்'டுக்குப் பலர் குறுக்கீடு என்று எழுதுகிறார்கள். இயற்பியல் பாடத்தில் ஒளியின் குறுக்கீட்டு விளைவு வேறு இருக்கிறது. மூன்றாவதாக ஒருவரை அந்த வீட்டில் குடிவைக்க வேண்டாம்.

> நந்தி

இதை எழுதியவருக்கு ஒரு காபி. 'நந்தி மாதிரி நிக்காதே' என்பது எல்லோருக்கும் தெரியும், விளக்கமே வேண்டாம். திருப்புன்கூரில் நந்தனாருக்காக நந்தி விலகியது. நம்ம நந்தியோ அன்இன்ஸ்டால் செய்தால்தான் விலகும். ஆனால் நந்தி நிற்கும், மறைக்கும், அவ்வளவுதான். கோப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வகைக்கு அது அழகாகப் பொருந்துகிறது. துண்டு போடும் வகைக்குப் பொருந்தவில்லை. தவிர, மொழிபெயர்ப்புக் கோப்பில் 'நந்தி கண்டறியப்பட்டது' என்று வந்தால் யாராவது தேங்காய் உடைத்துவிடப் போகிறார்கள்.

என் முன்மொழிவு: குறுக்குச்சால்.

'அவன் காரியத்தில் இவன் குறுக்குச்சால் ஓட்டுறான்' என்று எங்கள் ஊரில் அன்றாடம் சொல்வார்கள். உங்கள் ஊரிலும் சொல்வார்கள் என்றே நினைக்கிறேன். ஒருவன் நேராக உழுதுகொண்டு போகும்போது இன்னொருவன் குறுக்கே ஏரை விட்டு அந்த உழவுத் தடத்தை (சால்) கலைப்பது. 'பில்ட்டில் ஏதோ குறுக்குச்சால் ஓட்டுகிறது' என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், உடனே வினைச்சொல்லும் கிடைத்துவிடுகிறது. பெயர், வினை இரண்டும் தானாக அமைகிற சொல் கிடைப்பது அபூர்வம். நாம் செய்யும் பல சொற்களுக்கு வினை கேட்டால் '-ஆக்கம் செய்' என்று இழுக்க வேண்டியிருக்கிறது.

இதைத் தனிமடலில் ஒரு நண்பரிடம் சொன்னபோது அவர் கேட்டது:

> அந்த வழக்கில் வேண்டுமென்றே கெடுப்பது என்ற தொனி இருக்கிறதே? வைரஸ் எதிர்ப்பு வேண்டுமென்றா செய்கிறது?

நியாயமான கேள்வி. ஆனால் வழக்கை விட்டு வயலுக்குப் போங்கள். நீளவாக்கில் ஒருமுறை உழுதபின் குறுக்கே உழுவது நல்ல உழவுதான். கட்டி உடையும், உழாமல் விட்ட இடம் பிடிபடும். குறுக்கே உழுவது தப்பில்லை. முதல் ஏர் இன்னும் வயலில் இருக்கும்போதே குறுக்கே இறங்குவதுதான் வம்பு. பாதுகாப்பு மென்பொருளின் கதை அச்சு அசலாக இதுதான். கான்ஃப்டெஸ்ட்டை அது சோதிப்பது அதன் வேலை. கன்ஃபிகர் கைவைக்கிற அதே நொடியில் சோதிப்பதுதான் தகராறு. ஒரே வயல், தவறான நேரம். வேறு எந்தச் சொல்லிலும் அந்த 'நேரம்' வரவில்லை.

> பேச்சுவழக்குச் சொல் கலைச்சொல் ஆகுமா? ஆவணத்தில் கேலியாகத் தெரியாதா?

பின்னணியில் ஓடும் நிரலுக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'டீமன்' என்ற பெயர் எங்கிருந்து வந்தது? 1963 வாக்கில் எம்ஐடியின் 'புராஜெக்ட் மேக்' ஆட்கள், இயற்பியலாளர் மேக்ஸ்வெல் கற்பனை செய்த பூதத்தை நினைத்து வைத்த பெயர். பூதத்தை வைத்து அவர்கள் இயங்குதளம் கட்டலாம், நாம் ஏரை வைக்கக் கூடாதா? 'டாட்ஜி' என்பதும் ஆங்கிலத்தில் தெருச்சொல்தான்.

தொட்டுக்கொண்டே இன்னொன்று. நிரல் அசையாமல் நின்றுபோகும் 'ஹேங்'குக்குச் சிலர் 'தொங்கல்' என்றிருந்தார்கள். அது ஆங்கிலத்தை அப்படியே கவிழ்த்தது, எனக்கு ஒட்டவில்லை. 'உறைதல்' ஏற்கெனவே 'ஃப்ரீஸ்'க்கு ஓடுகிறது. கண் திறந்தபடி, உயிர் இருந்தும் அசைவில்லாமல் பார்வை ஒரே இடத்தில் நிற்பதை 'நிலைகுத்தி நின்றது' என்போமே, அதிலிருந்து 'நிலைகுத்தல்' எடுக்கலாம். செயல்முறை சாகவில்லை, பட்டியலில் இருக்கிறது, சிபியு சுழியம், எதற்கோ காத்திருக்கிறது. சிபியு நூறு சதவீதத்தில் ஓடிக்கொண்டு வேலை நகராமல் இருப்பது வேறு, அது செக்குமாடு. அதற்குத் தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

ஆக, மாதிரிக்கு மூன்று வரி. அடுத்த வெளியீட்டின் கோப்பில் இட்டுப் பார்க்கலாம்:

பில்ட் நிலைகுத்தியது. பின்னணி நிரல் ஏதேனும் குறுக்குச்சால் ஓட்டுகிறதா எனப் பார்க்கவும்.
இந்தக் கோப்பை வேறொரு செயல்முறை பிடித்து வைத்துள்ளது.
குறுக்குச்சால் நிரல்களின் பட்டியல்.

நடு வரியில் சொல்லை நான் வேண்டுமென்றே போடவில்லை. யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிந்தபிறகு பெயரைச் சொன்னால் போதும், பட்டம் வேண்டாம். 'பில்ட்' என்பதைப் பில்ட் என்றே விட்டிருக்கிறேன். அதற்கு யாரும் இப்போது மாற்றுச்சொல் அனுப்பாதீர்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒற்று விஷயம்: சிலர் 'குறுக்குசால்' என்று எழுதக்கூடும். குறுக்கு வன்தொடர்க் குற்றியலுகரம், பத்துப்பாட்டு போல இங்கேயும் மிகும். 'ச்' இல்லாத வடிவத்தைத் தேடலில் மட்டும் பிடித்துக்கொள்ளலாம்.

மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்கள். திங்கள் காலை கோப்பில் ஏற்றிவிடுவேன், என் கணினியில் எதுவும் குறுக்கே ஓட்டாவிட்டால்.