செயின் செட் மாற்றியும் பின்சக்கரத்தில் சத்தம், எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது எப்படி?

கேள்வி:

எல்லோருக்கும் வணக்கம். என்னுடையது 150 சிசி பைக், 38,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பின்னால் டிரம் பிரேக், அலாய் வீல். இரண்டு மாதத்துக்கு முன்பு செயின், அது ஓடுகிற பல் சக்கரங்களான முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் மூன்றையும் சேர்த்து மாற்றினேன். ஒரு மாதம் எந்தக் குறையும் இல்லை. அப்புறம் பின்பக்கம் ‘கடக்... கடக்...’ என்று ஒரு சத்தம் ஆரம்பித்தது. மெதுவாகப் போனால் தெளிவாகக் கேட்கிறது, 40க்கு மேல் போனால் அதோடு ‘ஹூம்’ என்று ஒரு இரைச்சலும் சேர்ந்துகொள்கிறது. கிளட்சைப் பிடித்துக்கொண்டு உருள விட்டாலும் நிற்பதில்லை, அதனால் இஞ்சின் இல்லை என்று நினைக்கிறேன்.

மெக்கானிக்கிடம் காட்டினேன், செயின் லூஸ் என்று சொல்லி இறுக்கிக் கொடுத்தார். இரண்டே நாளில் சத்தம் முன்பைவிட அதிகமாகிவிட்டது. இன்னொருவர் வீல் பேரிங் போய்விட்டது என்கிறார், மூன்றாவது ஒருவர் திரும்பவும் செயின் செட்டையே மாற்றச் சொல்கிறார். வளைவில் திரும்பும்போது பின்பக்கம் லேசாக அலைவது போலவும் இருக்கிறது. குழந்தையைப் பின்னால் உட்கார வைத்து ஓட்டுகிற வண்டி இது, பயமாக இருக்கிறது. எதையும் மாற்றுவதற்கு முன்னால் நானே பார்த்துத் தெரிந்துகொள்ள வழி உண்டா?

பதில் 1:

உண்டு. முதலில் சத்தம் எத்தனை சுற்றுக்கு ஒரு முறை வருகிறது என்று எண்ணிப் பாருங்கள், பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, சாவியை எடுத்துவிட்டு, நியூட்ரலில் போட்டு, டயரில் ஓரிடத்திலும் செயினில் ஒரு கண்ணியிலும் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிறகு டயரைப் பிடித்துக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள்.

சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒரு முறை சத்தம் வந்தால் குறை சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பொருளில் இருக்கிறது: டயர், ரிம், பிரேக் டிரம், பின் ஸ்ப்ராக்கெட், இவற்றில் ஒன்று. செயின் ஒரு முழுச் சுற்று வரச் சக்கரம் கிட்டத்தட்ட மூன்று முறை சுற்ற வேண்டும், உதாரணமாக 120 கண்ணி செயின், பின்னால் 42 பல் என்றால் 120ஐ 42ஆல் வகுத்தால் 2.86. ஆகவே மூன்று சுற்றுக்கு ஒரு முறை ‘கடக்’ என்றால் செயினில் ஏதோ ஒரு கண்ணி மடங்காமல் இறுகி நிற்கிறது. ஒரே சுற்றுக்குள் மூன்று தடவை கேட்டால் முன் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள், பின்னால் 42, முன்னால் 14 பல் என்றால் அது மூன்று மடங்கு வேகத்தில் சுற்றும். உங்கள் வண்டியின் பல், கண்ணி எண்ணிக்கையை எண்ணி இதே கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கணக்குக்கும் அடங்காமல் சொரசொரவென்று தொடர்ந்து வந்தால் பேரிங் மேல்தான் சந்தேகம் போக வேண்டும்.

இஞ்சினை ஓட விட்டு கியரில் போட்டுச் சக்கரத்தைச் சுற்ற வைத்து மட்டும் தயவுசெய்து பார்க்காதீர்கள். செயினுக்கும் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவில் துணி சிக்கி, துணியோடு விரலும் உள்ளே போய்விடும். என் உறவினர் ஒருவர் அப்படித்தான் விரல் நுனியை இழந்தார்.

பதில் 2:

மேலே சொன்னதோடு ஆட்டத்தையும் பாருங்கள். டயரின் மேல்பக்கத்தை ஒரு கையாலும் கீழ்பக்கத்தை ஒரு கையாலும் பிடித்து, ஒன்றைத் தள்ளி ஒன்றை இழுங்கள். ‘டொக் டொக்’ என்று சக்கரம் மட்டும் அசைந்தால் வீல் பேரிங். சக்கரத்தோடு ஸ்விங் ஆர்மும் (பின்சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை) சேர்ந்து பக்கவாட்டில் அசைந்தால் அதன் மூட்டில் உள்ள புஷ் தேய்ந்திருக்கிறது. வளைவில் அலைவதற்கு இந்த இரண்டும் காரணமாகலாம், காற்று குறைந்த டயரும் காரணமாகலாம், அதையும் விட்டுவிடாதீர்கள்.

சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஸ்ப்ராக்கெட்டை மட்டும் முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். தடையே இல்லாமல் லொடலொடவென்று நகர்ந்தால் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள் இருக்கிற ரப்பர் நைந்துவிட்டது. ஆக்சிலேட்டரை விட்டுத் திருகும்போது ஒரு இடி இடிக்கும், அந்தக் குறைக்குப் பலர் செயினை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

கேள்வி கேட்டவர்:

இன்று காலை இரண்டு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். ‘கடக்’ மூன்று சுற்றுக்கு ஒரு முறைதான் வருகிறது, கோடு போட்ட கண்ணியிலிருந்து கொஞ்சம் தள்ளி இரண்டு கண்ணிகள் துருப்பிடித்து மடங்காமல் நிற்கின்றன! போன மாதம் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டு எண்ணெய் போடாமல் ஒரு வாரம் அப்படியே நிறுத்தி வைத்திருந்தேன், அதுதான் காரணம் போல.

செயினை நடுவில் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் லூஸான இடத்தில் 18 மி.மீ., இறுகின இடத்தில் 8 மி.மீ. தான் இருக்கிறது. செயினைக் கழற்றிவிட்டுச் சக்கரத்தைச் சுற்றினால் ‘கடக்’ இல்லை, ஆனால் ஆக்சிலில் (சக்கரத்தின் நடு அச்சு) கை வைத்தால் ஒரு சொரசொரப்பு தெரிகிறது. மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் லேசாக டொக் என்கிறது. அப்படியென்றால் இரண்டு குறையா?

பதில் 3:

ஆமாம், இரண்டு குறை, ஆனால் ஒன்றுதான் இன்னொன்றைக் கொண்டு வந்திருக்கிறது என்று நினைக்கிறேன். வண்டி பள்ளத்தில் இறங்கும்போது ஸ்விங் ஆர்ம் மேலே போகும், அப்போது முன் ஸ்ப்ராக்கெட், ஸ்விங் ஆர்ம் போல்ட், பின் ஆக்சில் மூன்றும் ஒரே கோட்டுக்கு வருகிற இடத்தில்தான் செயின் மிக அதிகமாக இறுகும். நிற்கும்போதே 8 மி.மீ. என்றால், இரண்டு பேர் ஏறி ஒரு பள்ளத்தில் விழுந்தால் இழுபடச் செயினில் இடமே இல்லை. அந்த இழுப்பு முழுவதும் பின் பேரிங்கின் மீதும், கியர்பாக்ஸிலிருந்து முன் ஸ்ப்ராக்கெட்டுக்கு வரும் ஷாஃப்ட்டின் பேரிங், அங்கே எண்ணெய் கசியாமல் தடுக்கும் ஆயில் சீல் மீதும் விழும். லூஸான செயின் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். இறுகின செயின் சத்தமில்லாமல் பேரிங்கைத் தின்னும். இறுகின கண்ணியை வைத்துக்கொண்டே உங்கள் மெக்கானிக் இன்னும் இறுக்கினார், அதுதான் இதில் எனக்கு ஆற்றாமை.

முன் ஸ்ப்ராக்கெட் கவரைக் கழற்றி அங்கே எண்ணெய் கசிவு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

பேரிங் மாற்றும்போது இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்றுங்கள். பல வண்டிகளில் ஸ்ப்ராக்கெட் பக்கம் தனியாக மூன்றாவது பேரிங் ஒன்று இருக்கும், அதைத்தான் மறந்துவிடுவார்கள், அதிக சுமை வாங்குவதும் அதுதான். பழைய பேரிங்கிலேயே 6202, 6302 என்று எண் பொறித்திருக்கும், அதே எண்ணில், இரண்டு பக்கமும் ரப்பர் மூடியுள்ளதாக வாங்குங்கள். இரண்டு பேரிங்குக்கும் நடுவில் ஒரு குழாய் மாதிரி ஸ்பேசர் உண்டு, அதைப் போடாமல் விட்டால் ஆக்சில் நட்டை இறுக்கியதும் பேரிங் பக்கவாட்டில் நசுங்கும். நட்டு லூஸாக இருக்கும்போது நன்றாகச் சுற்றி, இறுக்கியதும் சக்கரம் கனமாகச் சுற்றினால் ஸ்பேசர் இல்லை, அல்லது பேரிங் முழுதாக உள்ளே உட்காரவில்லை. ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே கையால் சுற்றித் தெரிந்துகொள்ளலாம்.

செயின் ஆட்டம் எவ்வளவு என்று ஸ்விங் ஆர்மில் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், இந்த மாதிரி வண்டிகளில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. வரும். ஆட்டத்தை மிக இறுகின இடத்தில்தான் அளக்க வேண்டும், லூஸான இடத்தில் அளந்தால் எல்லாம் கெடும். ஆக்சில் நட்டை லூஸ் செய்து, செயினை இறுக்கும் அட்ஜஸ்டரை இரண்டு பக்கமும் சமமாகத் திருப்பி, நட்டை இறுக்கிய பிறகு இன்னொரு முறை அளந்து பாருங்கள், இறுக்கும்போது ஆட்டம் சில மி.மீ. குறைவது வழக்கம். ஸ்விங் ஆர்மில் உள்ள கோடுகளை மட்டும் நம்பாமல் பின்னால் உட்கார்ந்து செயின் ஸ்ப்ராக்கெட்டுக்கு நேராக ஓடுகிறதா என்று கண்ணாலும் பாருங்கள்.

பதில் 4:

டிரம் பிரேக் என்பதால் ஒரு விஷயம். சக்கரத்தைத் திரும்பப் போடும்போது, பிரேக் பிளேட்டை ஸ்விங் ஆர்மோடு பிடித்திருக்கும் கம்பியின் நட்டையும் அதன் ஸ்பிளிட் பின்னையும் மறக்கவே மறக்காதீர்கள். அது இல்லாமல் பிரேக் பிடித்தால் பிளேட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றி, சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். செயினின் இரு முனைகளையும் இணைக்கக் கிளிப் லாக் இருந்தால், செயின் ஓடுகிற திசையில் கிளிப்பின் மூடிய முனை முன்னால் போக வேண்டும், திறந்த வாய் பின்னால் இருக்க வேண்டும்.

எண்ணெய் விஷயத்தில், மண்ணெண்ணெயும் மென்மையான பிரஷ்ஷும் போதும், கம்பி பிரஷ்ஷும் பெட்ரோலும் வேண்டாம், கண்ணிகளுக்கு இடையில் ரப்பர் வளையம் உள்ள செயின் என்றால் இரண்டும் அந்த வளையத்தைக் கெடுத்துவிடும். துடைத்துக் காய்ந்ததும் கீழ்ச் செயினின் உள்பக்கத்தில், தகடுகளுக்கு நடுவில் படும்படி 90 கியர் ஆயிலைச் சொட்டுங்கள், சுற்றும்போது அது தானாக வெளிப்பக்கம் பரவும். ஓட்டி வந்து செயின் சூடாக இருக்கும்போது போட்டு, இரவு முழுவதும் விட்டு, காலையில் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். சுமார் 500 கிலோமீட்டருக்கு ஒரு முறை, மழையில் நனைந்தாலோ கழுவினாலோ அன்றைக்கே. ஸ்பிரே நல்லதா கியர் ஆயில் நல்லதா என்று சண்டை போடுவார்கள், நான் இரண்டும் போட்டிருக்கிறேன், கியர் ஆயில் அழுக்கை அதிகம் சேர்க்கும் ஆனால் உள்ளே நன்றாக இறங்கும்.

கேள்வி கேட்டவர்:

பேரிங் மூன்றும் மாற்றியாகிவிட்டது. ஸ்ப்ராக்கெட் பக்கத்துப் பேரிங்கை விரலால் சுற்றினால் மணல் அரைப்பது போல இருந்தது. ஸ்பேசர் இருந்தது, முன்பக்கம் கசிவு இல்லை. ‘ஹூம்’ சத்தமும் அலைவதும் போய்விட்டன. செயினை மண்ணெண்ணெயில் ஊறவைத்து எண்ணெய் போட்டதில் ஒரு கண்ணி சரியானது, இன்னொன்று இன்னமும் இறுக்கமாகத்தான் இருக்கிறது. செயினை மட்டும் மாற்றலாமா, மூன்றையும் சேர்த்தா?

பதில் 3:

பொதுவாக மூன்றையும் சேர்த்துத்தான் மாற்ற வேண்டும், ஆனால் உங்கள் ஸ்ப்ராக்கெட்டுக்கு இரண்டு மாதம்தான் ஆகிறது. பற்கள் கொக்கி போல ஒரு பக்கம் சாயாமல், நுனி கூர்மையாகாமல் இருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். புதுச் செயினில் 428 என்று எண் இருந்தால் 20 கண்ணியின் நீளம் 254 மி.மீ. இருக்கும், இன்றைக்கே அளந்து எங்காவது குறித்து வையுங்கள். அது 259ஐத் தொடும்போது அடுத்த செட்.