லாஷா கியோ பியாங்கா: டா காப்போ அலங்காரத்தை நோட்ஸில் அச்சிடலாமா, கூடாதா?

கன்டினுவோ கந்தன்
அச்சுக்கூடம் நேற்று ஏற்றிய "லாஷா கியோ பியாங்கா" பிடிஎஃப் பார்த்தேன். ஹாண்டெலின் ரினால்டோ ஓபராவில் வரும் ஏரியா, அதாவது தனிக்குரல் பாட்டு. குரலும் பியானோவும், எஃப் மேஜர், நாலு பக்கம். முதல் பக்கத்தின் அடியில் ஒரு குறிப்பு: "டா காப்போவில் அலங்காரம் போடுவது இன்றைய பாடகர்களின் மோகம். ஹாண்டெல் எழுதியதை எழுதியபடியே இரண்டாம் முறையும் பாடவும்." இதைப் படித்துவிட்டு எப்படிச் சும்மா இருப்பது?

ரினால்டோ 1711 பிப்ரவரியில் லண்டன் ஹேமார்க்கெட் அரங்கில் ஏறியது. அந்தக் கால ஏரியாவில் ஏ பகுதி, பி பகுதி, பிறகு மறுபடி ஏ. இந்தத் திரும்பலுக்குத்தான் டா காப்போ, சுருக்கமாக டி.சி., என்று பெயர். திரும்பி வரும் ஏ பகுதியை மறுபடி எழுதாமல் டி.சி. என்று விட்டார்கள் என்றால், அங்கே பாடகர் கைவரிசை காட்டுவார் என்பது இசையமைப்பாளருக்கும் தெரியும், டிக்கெட் வாங்கியவருக்கும் தெரியும். டோசி என்ற இத்தாலியப் பாடகர் 1723இல் போலோன்யாவில் அச்சிட்ட நூலில் அளவே சொல்கிறார்: முதல் பகுதியில் கொஞ்சம், இரண்டாம் பகுதியில் கொஞ்சம் கூடுதல், திரும்பி வரும்போது முன்பைவிட மேலாக மாற்றத் தெரியாதவர் பெரிய வித்வான் இல்லை. "எழுதியபடியே பாடவும்" என்பது 20ஆம் நூற்றாண்டுப் பழக்கம். அதை ஹாண்டெல் தலையில் கட்டாதீர்கள்.

அச்சுக்கூடம்
நீளமாக எழுதியிருக்கிறீர்கள், நன்றி. என் கேள்வி ஒன்றுதான். ஹாண்டெல் கையெழுத்துப் படியில் இந்த ஏரியாவுக்கு அலங்காரம் இருக்கிறதா, இல்லையா? இல்லை. அவர் எழுதாததை அவர் பெயர் போட்ட பக்கத்தில் நான் ஏன் அச்சிட வேண்டும்? டோசி எழுதியது 1723. ஏரியா 1711. பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த புத்தகத்தைக் காட்டி மிரட்ட வேண்டாம்.

மெட்சோ
அச்சுக்கூடம் சார், அச்சிட வேண்டாம் என்பது வேறு, பாடாதே என்பது வேறு. உங்கள் குறிப்பு இரண்டாவதைத்தானே சொல்கிறது?

கன்டினுவோ கந்தன்
மெட்சோ மேடம் சரியான இடத்தில் பிடித்தார். அதற்குப் பதில் வராது, பாருங்கள்.

டோசி 1723இல் புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. அப்போது அவர் எழுபதை ஒட்டிய கிழவர். இளம் பாடகர்கள் அளவு மீறுகிறார்கள், எங்கள் காலம் இப்படி இல்லை என்று புலம்பித்தான் எழுதினார். அவர் சொல்வது 1711க்கும் முந்தைய வழக்கம்.

அடுத்து, ரினால்டோவையே எடுத்துக்கொள்வோம். "வோ ஃபார் குவேரா" ஏரியாவில் ஹார்ப்சிகார்ட் (பியானோவுக்கு முந்தைய விசைக் கருவி) தனியாக வாசிக்கும் இடங்களில் ஹாண்டெல் நோட் எழுதவில்லை. தானே உட்கார்ந்து கற்பனையாக வாசித்தார். அங்கே என்ன மாதிரி ஓடியிருக்கும் என்று நமக்கு ஓரளவு தெரிவதே வில்லியம் பேபெல் என்ற ஹார்ப்சிகார்ட் கலைஞர் 1717இல் வெளியிட்ட ஹார்ப்சிகார்ட் தொகுப்பால்தான். அதே தொகுப்பில் "லாஷா கியோ பியாங்கா"வும் இருக்கிறது, அலங்காரங்களோடு. ஏரியா மேடையேறி ஆறே வருஷம். இன்னொன்று: ஹாண்டெலின் ஓட்டோனே ஓபரா, 1723. அதன் மூன்று ஏரியாக்களுக்கு ஹாண்டெலே தன் கையால் குரல் அலங்காரம் எழுதிய படி ஆக்ஸ்ஃபோர்டு பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. 1976இல் அச்சிலும் வந்துவிட்டது. கையெழுத்துப் படி கையெழுத்துப் படி என்றீர்களே, இதோ கையெழுத்துப் படி.

அச்சுக்கூடம்
ஓட்டோனே வேறு ஓபரா. பேபெல் எழுதியது விரலுக்கு, தொண்டைக்கு அல்ல. ஹார்ப்சிகார்டில் நோட் உடனே செத்துவிடும், அதனால் நிரப்பினார். நான் கேட்டது இந்த ஏரியா, ஹாண்டெல் கை. இருக்கிறதா, இல்லையா?

பழைய ரசிகர்
இதற்கு ஏன் இவ்வளவு சண்டை? ஃபரினெல்லி பாடியதைக் கேட்டாலே தெரியுமே. அந்தக் காலப் பாடகரான அவரைப் பற்றிய படத்தில் டா காப்போவில் அழகாக அலங்காரம் வருகிறது. அவர் பாடிய ஏரியாவை அவர் பாடிய மாதிரியே எழுதிவிட்டால் முடிந்தது.

மெட்சோ
ஐயா, ஃபரினெல்லி பிறந்தது 1705. ரினால்டோ மேடையேறியபோது அவருக்கு ஆறு வயது. இந்த ஏரியாவைப் பாடும் அல்மிரேனா வேடத்தில் முதலில் பாடியவர் இசபெல்லா ஜிராதோ. 1994 படத்தில் நீங்கள் கேட்ட குரல் ஒரு கவுன்டர்டெனரையும் (உயர்ந்த ஆண் குரல்) ஒரு சொப்ரானோவையும் (உயர்ந்த பெண் குரல்) கணினியில் கலந்து செய்தது.

பழைய ரசிகர்
படத்தை மட்டம் தட்ட வேண்டாம். அந்தப் படம் வந்த பிறகுதான் இந்த ஏரியா பலருக்கும் தெரிந்தது.

கன்டினுவோ கந்தன்
படப் பேச்சை வேறு இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே நோட்ஸ் பேசுகிறோம்.

அலங்காரத்தை அச்சிட பயப்படுகிறவர்கள் பெரும்பாலும் அதை எழுதத் தெரியாதவர்கள். இது சராபாண்ட் என்ற மெதுவான நடன நடை, 3/2 தாளம். ஹாண்டெல் இந்த மெட்டை 1705இல் ஹாம்பர்கில் அல்மிரா ஓபராவுக்கு நடன இசையாகவே எழுதினார். 1707இல் ரோமில் "லாஷா லா ஸ்பீனா" என்ற வரிகளுக்கு எடுத்தார். ரினால்டோவில் வருவது மூன்றாவது பயன்பாடு. சராபாண்டின் கனம் இரண்டாம் அடியில். ஆகவே:

முதல் சொற்றொடரைத் தொடாதீர்கள். கேட்பவருக்கு மெட்டு திரும்பியது தெரிய வேண்டும். குரல் வரிக்கு நடுவே விடும் ஓய்வுகளை நிரப்பாதீர்கள், அந்த ஓய்வுதான் விம்மல். நான் பார்க்கும் பத்து அலங்காரங்களில் எட்டு கெட்டுப்போவது இந்த இடத்தில்தான். மெட்டு மூன்றாம் இடைவெளி தாவும் இடங்களில் நடு நோட்டை வைத்து நிரப்புங்கள், அது போதும். இரண்டாம் அடியில் மேலிருந்து மூல நோட்டுக்குச் சாயும் ஒரு முன் நோட், அதாவது அப்போஜியத்தூரா, வைக்கலாம், ஆனால் எல்லா பாரிலும் (தாளப் பிரிவிலும்) வைத்தால் சலித்துவிடும். ட்ரில் (இரண்டு நோட் வேகமாக மாறி மாறி வருவது) மேல் நோட்டில் ஆரம்பிக்க வேண்டும். கடைசி காடென்ஸுக்கு (முடிப்புக்கு) முன் சின்னதாக ஒரு காடென்ஸா, அதாவது பாடகர் தனியாகப் பாடும் கற்பனை, ஒரே மூச்சில் முடிகிற அளவு. குரலுக்கும் காற்றுக் கருவிக்கும் அதுதான் அளவு என்று புல்லாங்குழல் கலைஞர் குவான்ஸ் 1752இல் எழுதியிருக்கிறார்.

எழுதி முடித்ததும் பாஸ் (அடி ஸ்வர) வரியோடு மட்டும் வைத்து ஒரு முறை படித்துப் பாருங்கள். இறங்கி வரும் அலங்காரம் பாஸோடு சேர்ந்து இரண்டு எட்டாம் இடைவெளி அடுத்தடுத்து போட்டிருக்கும். பாடும்போது தெரியாது, பதிவில் பல்லிளிக்கும்.

அச்சுக்கூடத்தின் பிடிஎஃபில் இன்னொரு கோளாறு. காடென்ஸில் சி பாஸ் மேல் பியானோ வலது கையில் ஈ நோட் முதல் அடியிலேயே அச்சாகியிருக்கிறது. குரல் அங்கே எஃப் பிடித்து ஈ-க்கு இறங்கினால் அரை ஸ்வரம் உரசும். பாஸுக்கு மேல் 4-3 என்ற எண் குறி போட்டு, வலது கையும் எஃப் பிடித்து இறங்கும்படி எழுத வேண்டும். அலங்காரமே வராது என்று நினைத்து எழுதியவருக்கு இது எப்படித் தெரியும்?

அச்சுக்கூடம்
இவ்வளவு பாடம் எடுத்தும் கேள்விக்குப் பதில் இல்லை. பியானோ வலது கை என் சொந்த ரியலைசேஷன் (பாஸ் வரியிலிருந்து விரித்து எழுதியது) என்று முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறேன். குரல் வரி மட்டும் ஹாண்டெல். அதில் ஒரு நோட் கூட என்னுடையது இல்லை. உங்களால் அப்படிச் சொல்ல முடியுமா?

பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. போன மாதம் பர்செலின் டைடோ ஓபராவில் வரும் புலம்பல் பற்றிய இழையில், ஒருவர் செல்லோ வரியில் இரண்டு நோட்டை எட்டு ஸ்வரம் மேலே தூக்கினார் என்று குதித்தவர் நீங்கள்தானே? "ஐந்து பார் பாஸ், பதினொரு சுற்று, ஒரு நோட்டும் அசையக்கூடாது" என்றீர்கள். பர்செல் என்றால் அசையக்கூடாது, ஹாண்டெல் என்றால் ஆட்டலாமா?

கன்டினுவோ கந்தன்
அதே வாதத்தை இங்கே கொண்டுவந்தது நல்லது. அந்த பாஸ் ஜி, எஃப் ஷார்ப், எஃப், ஈ, ஈ ஃப்ளாட், டி என்று படிப்படியாக இறங்குகிறது. நடுவில் ஒரு நோட் மேலே தாவினால் இறக்கமே போச்சு. பாஸ் அஸ்திவாரம். குரல் அதன் மேல் நிற்பது. கிரவுண்ட் பாஸை (திரும்பத் திரும்ப வரும் அடி வரியை) மாற்றாதே என்பதற்கும் டா காப்போ குரலை மாற்று என்பதற்கும் என்ன முரண்?

கையெழுத்துப் படி பக்தரே, டைடோ ஓபராவுக்கு பர்செல் கையெழுத்தில் ஒரு பக்கம் கூட இல்லை. கிடைத்திருக்கும் பழைய ஸ்கோர் அவர் 1695இல் இறந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகு எழுதிய படி. உங்கள் சட்டப்படி டைடோவை அச்சிடவே கூடாது. ரினால்டோ மட்டும் என்ன? பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் கையெழுத்துப் படியே முழுமையாக இல்லை.

வயோலாக்காரன்
உங்கள் இருவர் சண்டையில் நால்வர் குழுவுக்கான பார்ட்ஸை யாரும் பார்க்கவில்லை. அதே பிடிஎஃபோடு டி மேஜரில் ஒரு ஸ்ட்ரிங்ஸ் தொகுப்பும் வந்திருக்கிறது, தாழ்ந்த குரலுக்காக. எஃப்பிலிருந்து டி என்றால் மூன்று அரை ஸ்வரம் கீழே. மூலத்தில் இரண்டாம் வயலின் நடு சி-க்குக் கீழே இருக்கும் பி ஃப்ளாட்டைத் தாண்டி இறங்கினால், டி மேஜரில் அந்த நோட் ஜி கம்பிக்கும் கீழே போகும். வாசிக்கவே முடியாது. வயோலாவுக்கு ஈ ஃப்ளாட் எல்லை. மென்பொருளில் டிரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிட்டு அச்சுக்கு அனுப்பினால் இப்படித்தான். கிடைக்காத நோட்டை எட்டு ஸ்வரம் தூக்கினால் மேலே இருக்கும் வயலினை முட்டும். இரண்டாம் வயலினும் வயோலாவும் அந்த பாருக்கு மட்டும் வரியை மாற்றிக்கொள்வதே வழி.

அச்சுக்கூடம்
வயோலாக்காரரே, எல்லை தாண்டும் நோட்களை மென்பொருள் சிவப்பில் காட்டும். பார்த்துத்தான் அனுப்பினேன்.

வயோலாக்காரன்
பார்த்தீர்கள், திருத்தவில்லை.

பழைய ரசிகர்
நம் கீர்த்தனைப் புத்தகங்களில் சங்கதிகளை அச்சிடுகிறார்கள். யாரும் மூலகர்த்தாவுக்குத் துரோகம் என்று சொல்வதில்லையே. அதே மாதிரி போட்டுவிட்டுப் போகலாமே.

அச்சுக்கூடம்
சங்கதி பாடாந்தரமாக, குரு சொல்லி சிஷ்யர் பாடி வந்தது. ரினால்டோ 1731க்குப் பிறகு மேடையை விட்டே போய்விட்டது, ஹாண்டெல் ஓபராக்கள் திரும்பி வரத் தொடங்கியது 1920களில். நடுவில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள்? இங்கே யார் அலங்காரம் எழுதினாலும் அது நேற்று எழுதியதுதான். அதைத்தான் முதலிலிருந்தே சொல்கிறேன்.

மெட்சோ
இது ஒன்று நியாயமான வாதம். ஆனால் டி மேஜருக்கு ஏன் இறக்க வேண்டும் என்றும் கேட்கிறேன். பழைய இசைக் குழுக்கள் வைக்கும் ஏ 415 (ஏ நோட் 415 ஹெர்ட்ஸ்) சுருதியில் பாடினால் எஃப் மேஜர் இன்றைய ஈ மேஜர் உயரத்தில்தான் ஒலிக்கும். சாதாரண பியானோவோடு பாடும் மெட்சோவுக்கு (நடு உயரப் பெண் குரலுக்கு) ஈ ஃப்ளாட் போதும், 415இலிருந்து அரை ஸ்வரம்தான் குறைவு. ஈ ஃப்ளாட்டில் வயலின்காரர்களுக்குத் திறந்த கம்பி குறையும் என்பது உண்மை, ஆனால் இவ்வளவு மெதுவான ஏரியாவில் அது தடையே இல்லை.

கன்டினுவோ கந்தன்
மேடம், "நியாயமான வாதம்" என்று அவருக்குச் சான்றிதழ் கொடுக்காதீர்கள். "நேற்று எழுதியது" என்றால் பியானோ வலது கை முழுவதும் நேற்று எழுதியதுதான். அது ஹாண்டெல் பக்கத்தில் இருக்கலாம், குரலுக்கு மேல் ஒரு வரி மட்டும் கூடாதா?

அச்சில் செய்வது கஷ்டமும் இல்லை. குரல் வரிக்கு மேல் ஓசியா ஸ்டாஃப் (மாற்று நோட் காட்டும் சின்ன ஐந்து கோடு), 70 சதவீத அளவில், டா காப்போவில் மாறும் பார்களுக்கு மட்டும். கீழே மூல நோட் முழு அளவில் அப்படியே இருக்கும். எது யார் எழுதியது என்று குழந்தைக்கும் தெரியும். ஏ4 பக்கத்தில் ஐந்து சிஸ்டம் (சேர்த்து வாசிக்கும் வரித் தொகுப்பு) போகிற இடத்தில் நாலுதான் போகும், அவ்வளவே. இல்லையென்றால் திரும்பி வரும் ஏ பகுதியை முழுதாக எழுதிவிடுங்கள். பி பகுதி மைனரில் முடிந்ததும் பியானோக்காரர் மூன்று பக்கம் பின்னால் புரட்டுகிற அவஸ்தையும் தீரும். இப்போது உங்கள் பிடிஎஃபில் டி.சி. நாலாம் பக்கத்தின் அடியில், ஏ பகுதி முதல் பக்கத்தில். பாடகர் அங்கே நின்றுகொண்டு காத்திருக்க வேண்டியதுதான்.

அச்சுக்கூடம்
ஒட்டி மடித்தால் நாலு பக்கமும் ஒரே பார்வையில் தெரியும். புரட்டவே வேண்டாம். நோட்ஸ் ஸ்டாண்டில் வைத்துப் பார்க்காமல் கணினித் திரையில் பார்த்துக் குறை சொன்னால் இப்படித்தான்.

ஓசியா போட்டால் என்ன ஆகும் என்றும் எனக்குத் தெரியும். இரண்டு வருஷத்தில் அடுத்தவர் அதை நகல் எடுப்பார், சின்ன ஸ்டாஃபைப் பெரிதாக்குவார், "ஹாண்டெல் அலங்காரம்" என்று போடுவார். பழைய ஏரியாக்களைத் தொகுத்த பரிசோட்டி செய்யவில்லையா? தானே எழுதிய "சே து மாமி"யைப் பழைய இசையமைப்பாளர் பெர்கொலேசி பெயரில் தன் பழைய ஏரியா தொகுப்பில் சேர்த்தார். அது தெரிந்த பிறகும் இன்றைக்கும் பெர்கொலேசி என்றே பாடுகிறார்கள்.

கன்டினுவோ கந்தன்
பரிசோட்டி பெயரை மறைத்தார். நான் பெயர் போட்டுத் தனி ஸ்டாஃபில் போடச் சொல்கிறேன். இரண்டும் ஒன்றா? ஒட்டி மடித்தால் நாலு ஏ4, 84 சென்டிமீட்டர் அகலம். எந்த பியானோவின் ஸ்டாண்டில் அது நேராக நிற்கிறது? ஓரத்துத் தாள் இரண்டும் முன்னால் சரியும்.

வயோலாக்காரன்
கெட்டி அட்டை ஒட்டினால் நிற்கும். அதை விடுங்கள். வயோலா பார்ட்டை ஏன் ட்ரெபிள் கிளெஃபில் (வயலினுக்கான குறியில்) அச்சிட்டிருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள்.

அச்சுக்கூடம்
வயோலா இல்லாத இடத்தில் மூன்றாம் வயலின் வாசிக்கட்டும் என்று போட்டது. வயோலாவுக்கான ஆல்டோ கிளெஃப் வேண்டுமென்றால் கேட்டிருக்கலாம்.

வயோலாக்காரன்
மேலே "வயோலா" என்றுதான் எழுதியிருக்கிறது. மூன்றாம் வயலினுக்கு ஜி-க்குக் கீழே கம்பி எங்கே இருக்கிறது?

கன்டினுவோ கந்தன்
அதையும் சிவப்பில் காட்டியிருக்கும்.