புதுத் தொட்டி வெள்ளையாகக் கலங்கிவிட்டது: தண்ணீரை மாற்றவா, விடவா?

அம்மாபேட்டை புதுசு: போன ஞாயிற்றுக்கிழமை இரண்டடித் தொட்டி வைத்தேன். கார்ப்பரேஷன் தண்ணீர்தான், குளோரின் எடுக்கும் மருந்து விட்டேன். மறுநாளே நான்கு கோல்டு பிஷ். இன்று பார்த்தால் அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி இருக்கிறது. கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு பில்டரையும் கழுவச் சொல்கிறார். செய்யலாமா?

ஐந்து ரோடு கப்பி: வேண்டாங்க. கழுவாத மணலாக இருந்தால் சாம்பல் நிறத்தில் கலங்கி, சீக்கிரம் அடியில் படிந்துவிடும். பச்சையாக இருந்தால் பாசி. வெள்ளை என்றால் பாக்டீரியா. மிச்சத் தீனியையும் கழிவையும் தின்று தண்ணீரிலேயே மிதந்து பெருகுகிற வகை. தீனி குறைந்ததும் தானாக அடங்கும், பெரும்பாலும் ஓரிரு வாரத்துக்குள். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவைத் தின்கிற பாக்டீரியா வேறு. அது பில்டர் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாக வளரும். பில்டரைக் குழாயடியில் கழுவினால் குளோரின் பட்டு அதுதான் முதலில் சாகும். சும்மா விட்டுவிடுங்கள்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: பில்டரைத் தொடாதே என்பது சரி. சும்மா விடு என்பது மீன் இல்லாத தொட்டிக்குத்தான் தம்பி. கோல்டு பிஷ் தின்பதும் கழிப்பதும் உங்கள் சின்னக் கப்பி மீன் மாதிரியா? அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகிற கூட்டம் முழுதாகச் சேர 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீன் என்ன செய்யும்? மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இன்றைக்கே மாற்ற வேண்டும்.

ஐந்து ரோடு கப்பி: மாற்ற மாற்ற சைக்ளிங், அதாவது அந்தக் கூட்டம் முழுதாகச் சேருவது, தள்ளிப்போகும் அண்ணா. கலங்கலும் அடங்காது, மறுநாளே திரும்பி வரும்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: ஒட்டி வளர்கிறது என்று நீங்களே எழுதிவிட்டு, தண்ணீரோடு போய்விடும் என்றால் எப்படி? கொஞ்சம் அம்மோனியா மிச்சம் இருந்தாலே அதற்குப் போதும். நான் கலங்கலைத் தெளிய வைக்கச் சொல்லவில்லை, அது எப்படியோ போகட்டும். பிஎச் (தண்ணீரின் அமில, கார அளவு) 7 இருக்கும்போது, 25 டிகிரியில், மொத்த அம்மோனியாவில் அரை சதவீதம் அளவுதான் விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் 5 சதவீதம், பத்து மடங்கு. சேலம் வெயிலில் தண்ணீர் சூடேறினால் இன்னும் கூடும். போதாததற்கு அந்த வெள்ளைக் கூட்டம் ஆக்சிஜனையும் இழுக்கும். ராத்திரி சத்தமாக இருக்கிறதென்று ஏர் பம்பை நிறுத்திவிடாதீர்கள்.

ஏற்காடு மோலி: எங்கள் மலைக் கதை தலைகீழ். குளிரில் பாக்டீரியா மெதுவாக வளரும், சைக்ளிங் இழுத்துக்கொண்டே போகும். என் தொட்டித் தண்ணீர் மென்தண்ணீர். அம்மோனியாவை மாற்றும் வேலை, பிஎச்சை இறங்காமல் தாங்குகிற காரத்தன்மையைத் தின்பதால் பிஎச் இறங்கிவிடும், அப்புறம் வேலையே நின்றுபோகும். அதனால் என் அனுபவத்தை அம்மாபேட்டைக்கு அப்படியே பொருத்திப் பார்க்க வேண்டாம். ஆனால் ஒன்று, யாராவது படிகாரம் போடச் சொன்னால் கேட்காதீர்கள். அதுவும் காரத்தன்மையைத்தான் தின்னும். தண்ணீர் தெளிந்த மாதிரி தெரியும், அம்மோனியா அப்படியே இருக்கும்.

அம்மாபேட்டை புதுசு: டெஸ்ட் கிட் வாங்கிப் பார்த்தேன். அம்மோனியா 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்), பிஎச் 8. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: இனி என்ன விவாதம்? பாதித் தண்ணீரை எடுங்கள். ஊற்றும் தண்ணீருக்குக் குளோரின் மருந்து மறக்கக் கூடாது, சூடும் ஏறக்குறைய ஒத்திருக்க வேண்டும். நாளைக்குத் தீனி கிடையாது.

ஐந்து ரோடு கப்பி: மீன் மூச்சு வாங்கும்போது மாற்றத்தான் வேண்டும், அதில் சண்டை இல்லை. ஆனால் தினமும் பாதியை மாற்றுவது தீர்வா? இரண்டடித் தொட்டிக்கு நான்கு கோல்டு பிஷ் ஆகாது. கடையில் பேசிப் பார்த்து மீனைத் திருப்பிக் கொடுங்கள். என்னிடம் பழைய தொட்டியில் ஓடுகிற, அந்த நல்ல பாக்டீரியா ஒட்டிய பில்டர் ஸ்பாஞ்ச் ஒன்று உபரியாக இருக்கிறது. தொட்டித் தண்ணீரிலேயே நனைத்துக் கவரில் தருகிறேன், வந்து வாங்கிக்கொள்ளுங்கள். காயவிடாமல் உடனே உங்கள் தொட்டியில் போட வேண்டும்.

செவ்வாய்ப்பேட்டை சித்தப்பா: உங்கள் தொட்டியில் மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்திருந்தால் அதுவும் கூடவே வருமே?

ஐந்து ரோடு கப்பி: அந்தத் தொட்டியில் சமீபத்தில் புது மீன் எதுவும் விடவில்லை. பயமாக இருந்தால் உங்களுடையதைக் கொடுங்கள் அண்ணா, செவ்வாய்ப்பேட்டைதான் அவருக்குப் பக்கம்.