புதுப்பிப்பு: 2/20 கோரா (வெளுக்காத, சாயமிடாத பருத்தி) நூல், 1 கிலோ: திருத்திய கணக்கு

முதல் பதிவில் போட்ட நீளக் கணக்கு தவறு. அங்கே 20-ஆம் நம்பர் (நூலின் பருமன் எண்; எண் கூடினால் நூல் மெலியும்) என்றே வைத்து 1 கிலோவுக்குச் சுமார் 33,900 மீட்டர் என்று எழுதியிருந்தது. 2/20 என்பது இரண்டு இழை சேர்த்து முறுக்கியது. பலன் 10-ஆம் நம்பர்தான். நீளம் பாதி, சுமார் 16,900 மீட்டர்.

அப்படியும் நாலு கைத்துண்டு நெய்யத் தாராளம். 20 அங்குல அகலம், அங்குலத்துக்கு 32 இழை, ஆக 640 பாவு (நீளவாட்டு) இழை. துண்டுக்கு 30 அங்குலம், சுருக்கமும் தறிக்கழிவும் (தறியில் நெய்ய முடியாமல் மிஞ்சும் பாவு) சேர்த்துப் பாவு 160 அங்குலம்: 2,600 மீட்டர், 155 கிராம். ஊடை (குறுக்கு இழை) அங்குலத்துக்கு 28 என்றால் இன்னொரு 110 கிராம். பாவை நீட்டி எட்டுத் துண்டாகவே போடலாம். தறிக்கழிவு எத்தனை துண்டுக்கும் ஒன்றுதான்.

சாயத்துக்கு முன் சிட்டத்தை (வளையமாகச் சுற்றிய நூல்) நாலு இடத்தில் எட்டு வடிவில், தளர்வாகக் கட்டுங்கள். 100 கிராம் நூலுக்கு 5 கிராம் சலவைச் சோடா, ஒரு மணி நேரக் கொதி. கோரா நூலில் மெழுகு இருக்கும். தண்ணீர்த் துளி முத்தாக உருண்டு நின்றால் இன்னும் வேகவில்லை. இறுக்கிக் கட்டிய இடம் வெள்ளைத் திட்டாகவே தங்கும்.

பின்னலுக்குக் கேட்டவர்களுக்கு: ஒற்றையாக வேண்டாம், நாலு இழை சேர்த்து 3 மி.மீ. ஊசி.