லைஃப் பியர்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.
தமிழ்வழி பி.ஏ. அரசியல் அறிவியல் மாணவர்களுக்காக பிரிட்டன் மேலவை பற்றிப் பாடக்குறிப்பு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'பிரபுக்கள் சபை' ஊறிப்போன பெயர், அதில் கைவைக்கவில்லை. அதன் உறுப்பினர் வகைகளான 'லைஃப் பியர்', 'ஹெரிடிட்டரி பியர்' இரண்டும்தான் இடிக்கின்றன. முதல் வகை 1958 சட்டத்தில் வந்தது. பட்டம் பெற்றவரோடு முடியும், பிள்ளைக்குப் போகாது. இரண்டாம் வகையில் 92 பேரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை 1999இல் வெளியே அனுப்பினார்கள். ஆயுள் பிரபு, பரம்பரைப் பிரபு என்று எழுதினேன். 'ஆயுள்' என்றதும் வகுப்பில் "எந்த ஜெயில் மிஸ்?" என்கிறார்கள். வேறு சொல் உண்டா?
மணிமொழி

அம்மா, பிரபுவே வடசொல். அதோடு 'ஆயுள்' சேர்ந்தால் முழுக்க வடமொழி. பியர் என்பதன் வேர் லத்தீனில் 'சமம்'. எனவே 'ஒப்பர்'. அதைவிட நல்லது நம்மிடமே இருக்கிறது. வேந்தன் தந்த பட்டங்கள்தானே எட்டி, காவிதி, ஏனாதி? மதுரைக்காஞ்சி காவிதி மாக்களை 'நன்றும் தீதும் கண்டு ஆய்ந்து' என்று சொல்கிறது. கீழவை அனுப்பும் மசோதாவைத் திருத்தி அனுப்பும் அவைக்கு இதைவிடப் பொருத்தம் வேண்டுமா? 'வாழ்நாட் காவிதி', 'வழிவழிக் காவிதி'. எட்டி வணிகருக்கு உரியது. கட்சிக்கு நன்கொடை தந்து மேலவைக்குப் போகிறவர்களுக்கு அதை ஒதுக்கிவைக்கலாம்.
அரங்கன்

ஐயா, கடைசி வரிக்குச் சிரித்தேன். ஆனால் 'வழிவழிக் காவிதி' என்று தேர்வில் கேட்டால் பையன் தமிழ்த்துறைக்கு ஓடிவிடுவான். 'ஒப்பர்' ஒப்பந்ததாரர் மாதிரி கேட்கிறது. 'பியர்' என்றே எழுதலாம் என்று யாரும் கிளம்பாதீர்கள், டாஸ்மாக் நினைவு வரும்.
சொல்லைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. அந்த அவையில் இங்கிலாந்துத் திருச்சபையின் 26 ஆயர்களும் உட்காருகிறார்கள். அவர்கள் லார்டு, ஆனால் பியர் அல்ல. இரண்டுக்கும் 'பிரபு' போட்டால் குறிப்பே தப்பாகிவிடும்.
செல்வி

இலங்கையிலும் 1947 முதல் 1971 வரை மேலவை இருந்தது. 30 பேர். பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, மற்றப் பாதி மகாதேசாதிபதியின் (கவர்னர் ஜெனரல்) நியமனம். செனற்சபை என்றே சொன்னோம், யாருக்கும் நித்திரை கெடவில்லை. 'நியமனப் பிரபு' என்று எழுதினால் என்ன? நியமன உறுப்பினர் எல்லாருக்கும் விளங்கும்.
பரமேஸ்

'நியமனம்' நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதற்கு எதிர்ப்பதம் 'தெரிவு' ஆகிவிடுகிறதே? அங்கேதான் வேடிக்கை. 1999க்குப் பின் பரம்பரைக்காரர்களின் இடம் காலியானால் இடைத்தேர்தல் வைத்தார்கள். 2016இல் ஒரு லிபரல் டெமாக்ரட் இடத்துக்கு வேட்பாளர்கள் ஏழு பேர், வாக்காளர்கள் மூன்றே பேர்! மூன்று வாக்கும் ஒருவருக்கே விழுந்தன. யாரும் தேர்ந்தெடுக்காத அவை என்று ஊரெல்லாம் பேசும்போது, தேர்தலில் நின்று ஜெயித்து வந்தவர்கள் பரம்பரைக்காரர்கள் மட்டும்தான். மாணவர்களுக்கு இதைச் சொல்லுங்கள், சொல் தானே பதியும்.
இன்னொன்று: ஆயுள் 'உறுப்பினர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 2014 சட்டப்படி அவையிலிருந்து ஓய்வு பெறலாம். பட்டம்தான் ஆயுளுக்கு, இருக்கை அல்ல.
செல்வி

அரசர் கொடுத்த முதல் பட்டமும் நியமனம்தானே! எனவே அந்தச் சொல் எதையும் பிரிக்கவில்லை. பெண்களுக்கு என்ன செய்வீர்கள்? தாட்சர் அம்மையார் 'பெண் பிரபு'வா? காவிதிக்கு ஆண்பால் விகுதியே இல்லை. 1958க்கு முன் அந்த அவையில் பெண்களுக்கு இடமே கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.
அரங்கன்

அச்சகம் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டது. 'வாழ்நாள் பிரபு', 'பரம்பரைப் பிரபு', 'ஆயர் உறுப்பினர்' என்று போடுகிறேன். பெண்களுக்குச் 'சீமாட்டி', அவரவர் பெயருக்கு முன்னால் மட்டும். காவிதி அடிக்குறிப்பில் வரும். ஐயா மன்னிக்கவும்.
மணிமொழி

அடிக்குறிப்பில் வைத்ததை ஏற்கவில்லை, பதிவு செய்கிறேன்.
அரங்கன்

இப்போதுதான் பார்த்தேன். கட்சி சாராமல் நடுவே உட்காருகிற 'கிராஸ்பெஞ்சர்' குறிப்பில் வருகிறாரா? 'குறுக்கிருக்கையர்' என்று யாராவது தொடங்குவதற்குள் 'கட்சி சாராப் பிரபு' என்று போட்டுவிடுங்கள்.
பரமேஸ்