சீனாவில் பை அடிப்பிக்கப் போகிறோம்: முற்பணம் கட்டலாமா?

இணுவில்_தூள்:

எல்லோருக்கும் வணக்கம். நானும் அம்மாவும் இணுவிலில் வீட்டில் கறித்தூள் செய்து விற்கிறோம். செத்தல், மல்லி, பெருஞ்சீரகம், மிளகு, கறிவேப்பிலை எல்லாம் அம்மாவே வறுப்பார், அரைப்பது மட்டும் மில்லில். இவ்வளவு நாளும் சாதாரண பொலித்தீன் பையில் போட்டு, கை சீலரால் ஒட்டி, மேலே ஒரு ஸ்டிக்கர். கடையில் ஒரு மாதம் தொங்கினால் நிறம் வெளிறிவிடுகிறது. ரொறன்ரோவுக்குக் கொண்டுபோன சித்தி, சூட்கேசில் இருந்த சேலை எல்லாம் தூள் மணக்கிறது என்று சொன்னார்.

அதனால் ஸிப் வைத்த, நிமிர்ந்து நிற்கும் பை தேடினேன். குவாங்டொங் மாகாணத்துத் தொழிற்சாலை ஒன்று விலை தந்திருக்கிறது. 250 கிராம் பை, உள்ளே அலுமினியம், குறைந்தது 10,000. ஒன்று எட்டரை சதம் (அமெரிக்க டொலரில்). ஆறு நிறத்துக்கு சிலிண்டர் (ஒவ்வொரு நிறத்தையும் அச்சடிக்க வெட்டும் உருளை) செலவு 360 டொலர். கொழும்பு வரை கப்பல் கூலி 20 டொலர் மட்டும் என்கிறார்கள். 30 வீதம் முற்பணம், மிச்சம் 70 சாமான் ஏற்ற முன்.

கூலி இவ்வளவு குறைவாக இருக்குமா? முற்பணம் கட்டலாமா? கொழும்பிலேயே வாங்கு என்று அம்மா ஒரே பிடியாக நிற்கிறார்.

கஸ்தூரியார்_வீதி:

தங்கச்சி, நான் 2011 இல் இருந்து பேக்கரிகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் பெட்டி, பை எடுத்துக் கொடுக்கிறேன். உங்கள் அம்மா சொல்வதைத் தள்ளிவிடாதீர்கள், அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கணக்கு. 10,000 பை என்றால் 850 டொலர், அதில் 30 வீதம் 255. ஆனால் சிலிண்டர் காசை அவர்கள் முழுதாக முதலே கேட்பார்கள். அப்போது முதல்நாளே உங்கள் கையை விட்டுப் போவது 615. மொத்தம் 1,210 இல் அது பாதிக்கு மேல். முப்பது வீதம் என்று நினைத்துக்கொண்டு இறங்கக்கூடாது. சிலிண்டர் உங்களுடையது, இத்தனை வருடம் வைத்திருப்போம் என்று எழுத்தில் வாங்குங்கள். அச்சில் பத்து வீதம் கூடலாம், குறையலாம் என்று ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். 11,000 வந்தால் 11,000க்கும் காசு கேட்பார்கள்.

இனி, நான் பட்டது. எனக்கு முதல் வந்த பை பார்க்க அவ்வளவு வடிவு. ஒரு மிளகாய்த்தூள்காரருக்கு 3,000 கொடுத்தேன். இரண்டு கிழமையில் திருப்பிக்கொண்டு வந்து, என் மேசையிலேயே ஒன்றைத் திறந்து காட்டினார். ஸிப்பின் பள்ளத்துக்குள் தூள் போய் இறுகிக் கிடந்தது. விரலால் எத்தனை தரம் அழுத்தி இழுத்தாலும் நடுவில் வாய் பிளந்தபடியே நின்றது. மாதிரிப் பை வந்தபோது நான் அதை வெறுமையாகத்தான் திறந்து மூடிப் பார்த்திருந்தேன். தூளுக்கென்றே செய்த ஸிப் இருப்பது அதற்குப் பிறகுதான் தெரியும். அந்தக் காசை அவருக்கு முழுதாகத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆகவே மாதிரியை எடுத்து, உங்கள் தூளையே போட்டு, இருபது தரம் திறந்து மூடுங்கள். ஒட்டிய பையைத் தரையில் வைத்து அதன்மேல் ஏறி நில்லுங்கள், அடி மூலையில் பிரிகிறதா என்று தெரியும். இருட்டறையில் பைக்குள் டோர்ச் அடித்துப் பாருங்கள். உண்மையான அலுமினியத் தாள் என்றால் வெளிச்சம் வராது. வெள்ளிப்பூச்சு மட்டும் பூசிய பிளாஸ்ரிக் என்றால் மங்கலாகத் தெரியும். இரண்டையும் அலுமினியம் என்றே சொல்லி விற்பார்கள், விலை வேறு. எத்தனை மைக்ரோன் தடிப்பு, எந்த அடுக்கு, எந்த ஸிப், எல்லாம் ஓடரில் எழுத்தில் இருக்க வேண்டும். அலிபாபா இணையச் சந்தையின் ட்ரேட் அஷூரன்ஸ் (வாங்குபவரின் காசுக்கான பாதுகாப்பு) வழியாகக் கட்டினாலும் எழுதியதை வைத்துத்தான் முறையிடலாம்.

வங்கியில் ரி.ரி. (நேரே அவர்கள் கணக்குக்குப் பணம் அனுப்புவது) போடுவதானால் கணக்கின் பெயரும் கொம்பனி உரிமப் பத்திரத்தின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். இடையில் ‘வங்கிக் கணக்கு மாறிவிட்டது’ என்று மின்னஞ்சல் வந்தால் காசு போடாதீர்கள். முதலில் இருந்தே பேசிய இலக்கத்துக்கு எடுத்து, குரலைக் கேட்டுக் கதையுங்கள்.

அம்மாவின் பேச்சுக்கு வருகிறேன். கொழும்பில் அச்சில்லாத வெள்ளிப் பை 500 எடுத்து, இப்போதுள்ள ஸ்டிக்கரையே ஒட்டி இரண்டு மாதம் விற்றுப் பாருங்கள். நிறம் நிற்கிறதா, மணம் அடங்குகிறதா என்று தெரிந்த பிறகு 10,000 அடியுங்கள். அவசரம் என்றால் டிஜிட்டல் அச்சில் சிலிண்டர் இல்லாமல் ஆயிரம், இரண்டாயிரம் அடிக்கலாம், ஒரு பையின் விலை கூடும்.

துறைமுக_அலுவல்:

20 டொலர் கூலி பற்றி மட்டும் சொல்கிறேன். கொழும்பில் கிளியரிங் வேலை (சுங்கத்தில் இருந்து சாமானை விடுவிப்பது) செய்கிறேன். பலருடைய சாமானைச் சேர்த்து ஒரே கொள்கலனில் ஏற்றும்போது அங்கே கூலியைக் குறைத்துக் காட்டிவிட்டு, இங்கே டெலிவரி ஓடர் (சாமானைக் கொடுக்கச் சொல்லும் பத்திரம்) எடுக்கும்போது வாங்கிவிடுவார்கள். சாமான் வந்து இறங்கிவிட்ட பிறகு பேரம் பேச வழியில்லை. எஃப்.ஓ.பி. விலை, அதாவது அங்கே கப்பலில் ஏற்றும் வரைக்குமான விலை கேளுங்கள். கப்பல் முகவரைக் கொழும்பில் நீங்களே பிடித்து, இரண்டு பக்கச் செலவையும் எழுத்தில் வாங்குங்கள். உங்கள் சாமான் அரைக் கனமீற்றர் வந்தாலும் ஒரு கனமீற்றருக்குத்தான் காசு எடுப்பார்கள்.

வற் வரி 18 வீதம் பையின் விலைக்கு மட்டும் என்று நினைக்காதீர்கள், கப்பல் கூலி, மற்றத் தீர்வைகள் எல்லாம் சேர்ந்த தொகைக்கு மேல் வரும். காசு கட்ட முதலே எச்.எஸ். இலக்கத்தை (சுங்கத்தில் சாமானின் வகையைக் குறிக்கும் இலக்கம்) ஒரு கிளியரிங் ஏஜென்டிடம் கொடுத்துக் கேளுங்கள். வரி இலக்கம் எடுத்துவிட்டீர்களா? அப்புறம் கொழும்பில் இருந்து இணுவிலுக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் லொறிக் கூலியும் உங்கள் தலையில்தான்.

எழுத்து_வேலை:

அச்சுக் கோப்பை அனுப்ப முன் தமிழ் எழுத்துகளை அவுட்லைன் (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவக் கோடு) ஆக்கிவிடுங்கள். அவர்களுடைய கணினியில் நம் எழுத்துரு இருக்காது. ‘பெருஞ்சீரகம்’ என்பதில் கொம்பு ‘ப’வுக்குப் பின்னால் போய் நிற்கும், அதைப் பிழையென்று அங்கே யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். கனடாவில் கடைக்குக் கொடுக்கும் எண்ணம் இருந்தால் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் வேண்டும். சிலிண்டர் வெட்டிய பிறகு ஓர் எழுத்து மாற்றினாலும் அந்த நிறத்துக்குப் புதுச் சிலிண்டர் வெட்ட வேண்டிவரும். திகதிக்கும் தொகுதி இலக்கத்துக்கும் வெறும் இடம் விடுங்கள்.

இணுவில்_தூள்:

அண்ணாமார் எல்லோருக்கும் மிக்க நன்றி. அவர்கள் அனுப்பிய மாதிரி போன கிழமையே வந்து அலுமாரிக்குள் இருந்தது. நேற்றிரவு கதவைச் சாத்தி டோர்ச் அடித்தோம். பையின் முன்பக்கம் முழுவதும் மங்கலாக வெளிச்சம் தெரிந்தது. தூள் போட்டு மூடியதில் ஒன்பதாம் தரம் ஸிப் விட்டுவிட்டது. இரண்டையும் படம் எடுத்து அனுப்பி, உண்மையான அலுமினியத் தாளும் தூள் ஸிப்பும் போட்டால் எஃப்.ஓ.பி. என்ன விலை என்று கேட்டிருக்கிறேன். வரி இலக்கம் இருக்கிறது. கொழும்பில் 500 வெள்ளிப் பைக்கு அம்மா இன்று காலை தானே தொலைபேசி எடுத்துச் சொல்லிவிட்டார்.